வேப்பிலைக் கொத்தும் ரெண்டு நாள் எம்சியும்

ஈப்போ சிலிபின் பக்கம் ஒருவர் வேலைக்கு வரவில்லை என்றால் அவருக்கு என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை. "மணியத்த எங்க காணோம்?" "அவருக்கு எம்சி." அவ்வளவுதான். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு மிச்ச தேத்தண்ணியைக் குடித்து முடிப்பார். சளியா, வயிற்றோட்டமா, டிங்கியா, முந்தின நாள் புந்தோங் கல்யாண விருந்தா, எல்லாமே அந்த இரண்டு எழுத்துக்குள் அடக்கம். மெடிக்கல் சர்டிபிகேட் என்ற காகிதத்தின் சுருக்கப் பெயர் நம் ஊரில் ஒரு வியாதியின் பெயராகவே நிலைத்துவிட்டது. "எனக்கு ரெண்டு நாளா எம்சி" என்று இருமிக்கொண்டே சொல்கிறவரை நானே பார்த்திருக்கிறேன். நோய் எப்போது விடும் என்று கேட்டால் "புதன்கிழமையோட முடியுது" என்றார். கிருமிக்கும் தேதி தெரிந்திருக்கிறது.

இந்தக் காகிதம் நம் பாட்டன் பூட்டனுக்கு லேசில் கிடைத்ததில்லை. அவர்கள் காலத்தில் காய்ச்சல் தாராளமாகக் கிடைத்தது. காகிதத்துக்குத்தான் பஞ்சம்.

கதை கப்பலில் தொடங்குகிறது. மலாயாவுக்கு ஆள் அனுப்ப நாகப்பட்டினத்திலும் சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியிலும் டிப்போக்கள் இருந்தன. அங்கே ஊர், பேர் எழுதி, உடம்பைத் தட்டிப் பார்த்து, கையில் அம்மை குத்திக் கப்பல் ஏற்றுவார்கள். பால் மரம் என்றால் என்னவென்றே தெரியாத திருச்சி, தஞ்சாவூர், சேலத்துக் குடியானவன் தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு டாக்டருக்கு நாக்கை நீட்டிக் காட்டியது அங்கேதான். அந்த டாக்டருக்கு அவன் நோயைத் தீர்க்கும் யோசனை கிடையாது. அவன் முதுகு மரம் வெட்டத் தாங்குமா என்பதே அவர் கவலை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பார்கள், இங்கே நாக்கைப் பார்த்தார்கள்.

பினாங்குக் கரை கண்ணுக்குத் தெரிந்ததும் இறங்கிவிடலாம் என்று மூட்டையைக் கட்டினால் முடியாது. மஞ்சள் கொடி பறக்கிற கப்பலுக்குக் கரை கிடையாது. யாருக்காவது அம்மையோ காலராவோ என்று தெரிந்தால் ஜெரெஜாக் தீவில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். 1870களிலிருந்தே அங்கே தடுப்பு முகாம் இருந்தது. உடுத்திய துணியை நீராவியில் வேகவைத்துத் திருப்பித் தருவார்களாம். முகாமில் இருந்த நாளுக்குக் கூலி யார் தருவது என்று எவனும் கேட்கத் துணியவில்லை. 

இந்த ஏற்பாட்டின் மூலவர்கள் ஐரோப்பியக் கடலோர வியாபாரிகள். கொள்ளைநோய்க்குப் பயந்து ரகூசா துறைமுகத்தார் 1377இல் வெளிக்கப்பலை 30 நாள் தள்ளி நிறுத்தினார்கள். வெனிஸ்காரர்கள் அதை 40 நாளாக நீட்டினார்கள். குவாரண்டின் என்ற சொல்லே அவர்கள் மொழியின் நாற்பதிலிருந்து வந்ததுதான். நம்முடைய ஒரு மண்டலம் 48 நாள். ஒரு மண்டலம் விரதம் இருந்தவனைக் கேட்டால் வெனிஸ்காரன் 8 நாள் ஏய்த்துவிட்டான் என்பான்.

ஜெரெஜாக் தீவின் பிற்கால ஜாதகம் இன்னும் விசேஷம். தொழுநோயாளர் குடியிருப்பும் தடுப்பு முகாமுமாக இருந்த தீவு, 1969இல் சிறை ஆனது. சிறை 1993இல் மூடப்பட்டு, 2004இல் உல்லாச விடுதி திறந்தார்கள். பாட்டனைக் காவல் போட்டுப் பிடித்து வைத்த இடத்தில் பேரன் காசு கட்டி இரண்டு இரவு தங்கினான். கட்டிலுக்கு மேல் கொசுவலை இல்லை என்று புகாரும் எழுதியிருப்பான்.

அந்தக் காலத்தில் முகாமிலிருந்து வெளிவந்து, ரயிலேறி, லாரியேறி, தோட்டத்துக்கு வந்து சேர்ந்தால் மறுநாள் விடியுமுன் பெரட்டு. இருட்டில் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டு எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பேர் கூப்பிடுவார். கங்காணி ஆள் கணக்கு ஒப்பிப்பார். துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். வெட்டப் போனால் பேர் விழும். போகாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது. 1920களின் கடைசியில் வசதியான வட்டாரங்களில் நிர்ணயித்த கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெண்ணுக்கு வரும் காய்ச்சல் மட்டும் பத்துக் காசு குறைவாக அடித்ததா என்பதை எந்தக் கமிஷனும் விசாரிக்கவில்லை.

லயத்தில் ஒருவன் படுத்துவிட்டால் அவன் படுத்திருக்கிறானா, பாசாங்கா என்று தீர்ப்புச் சொல்லும் நீதிபதி டிரசர் ஐயா. டிரசர் டாக்டர் அல்லர். ஆனால் தோட்டத்தில் அதைச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் கிடையாது. பெரும்பாலும் கேரளத்துக்காரர், அல்லது யாழ்ப்பாணத்தவர். வெள்ளைக் கால்சட்டை, மேஜை மேல் ஒரு கண்ணாடிக் குழாய். நாக்கின் கீழே அதை வைத்து எடுத்தால் பாதரசம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் உன் நேர்மை நிற்கிறது. 

பிள்ளைகள் மட்டுமா, பெரியவர்களும் ஒரு வித்தை அறிந்திருந்தார்கள். அக்குளில் சின்ன வெங்காயத்தை இடுக்கிக்கொண்டு இரவைக் கழித்தால் காலையில் உடம்பு கொதிக்கும் என்பது நம் இனத்தின் பொதுச் சொத்தான மருத்துவ அறிவு. தமிழ்நாட்டில் கணக்குப் பரீட்சைக்குப் பயன்பட்ட அதே வித்தையைக் கடல் தாண்டி எடுத்து வந்திருந்தார்கள். ஒரே சிக்கல், டிரசர் நாக்கின் கீழே அல்லவா குழாயை வைக்கிறார்? காய்ச்சல் வரவில்லை, வெங்காய வாடை வந்தது. அதற்கென்று அவரிடம் தனி மருந்து உண்டு. பேதி உப்பு. ஒரு கிளாஸ் நிறையக் கலக்கி, எதிரிலேயே குடிக்கச் சொல்வார். பொய்யாகப் படுத்தவன் மத்தியானத்துக்குள் மெய்யாகவே படுத்துவிடுவான். தீர்ப்பு எப்படிப் போனாலும் சாட்சி உண்மையாகிவிடும் நீதிமன்றம் உலகத்தில் அது ஒன்றுதான்.

மெய்க்காய்ச்சல்காரனுக்குக் கொயினா என்ற மலேரியா மருந்து. பல தோட்டங்களில் காய்ச்சல் இல்லாதவனுக்கும் பெரட்டிலேயே வரிசையாக ஊற்றினார்கள். முன்தடுப்பு என்ற பெரிய சொல்லைச் சின்னக் கிளாசில் ஊற்றிக் கொடுத்த காலம் அது. அந்தக் கசப்பு எட்டிக்காயைப் பாயசம் ஆக்கிவிடும். காதில் ரீங்காரம் வேறு. அதை வாயிலேயே தேக்கிவைத்து, துரை திரும்பியதும் பால் மரத்தடியில் துப்புவது ஒரு கலை. மரங்களுக்கு மலேரியா வராமல் போனதற்கு இதுவே காரணம் என்று பெரியவர்கள் சிரிப்பார்கள்.

சரி, டிரசரும் குழாயும் செல்லாத ஒரு இடம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

லயத்து வாசலில் ஒரு வேப்பிலைக் கொத்து தொங்கினால் போதும். வேறு விளக்கம் தேவைப்படாது. "வீட்டுக்கு அம்மா வந்திருக்கா" என்று கங்காணி மெல்லிய குரலில் சொல்வார். புதிதாகச் சீமையிலிருந்து வந்த சின்னத் துரைக்கு விளங்கியிருக்காது. எந்த அம்மா, எந்தக் கப்பலில் வந்தாள், கையில் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டிருப்பார். கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அம்மை உண்மையிலேயே கப்பலில்தான் வந்தாள். டிக்கெட்தான் எடுக்கவில்லை. ஜெரெஜாக்கில் துணியை வேகவைத்ததெல்லாம் அவளைத் தேடித்தானே?

அந்தக் கொத்து என்ன செய்தது என்று பாருங்கள். வெளியாள் உள்ளே வரக்கூடாது. வீட்டாள் வெளியே பந்தி, சாவு, கோயில் என்று போகக்கூடாது. அடுப்பில் கடுகு தாளிக்கக்கூடாது. படுத்தவருக்குத் தனிப்பாய், தனிச்சட்டி. மூன்றாம் தண்ணீர், ஐந்தாம் தண்ணீர் என்று எண்ணி, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றிய பிறகுதான் விடுதலை. தாளிக்காததால் கிருமி பயந்துவிடாது. வேப்பிலை அம்மையைக் குணப்படுத்தியதாகவும் நான் சொல்லவரவில்லை. பெரியம்மையை உலகத்தைவிட்டு விரட்டியது ஜென்னரின் வழிவந்த ஊசிதான், 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை அறிவிக்கவும் செய்தது. ஆனால் தனிமைப்படுத்தல் என்ற ஒன்றை நம் பாட்டிகள் ஒரு தாள் இல்லாமல், ஒரு முத்திரை இல்லாமல், காசில்லாமல் நடத்திவிட்டார்கள். எம்சி எழுதியது மரம். கையெழுத்துப் போட்டது மாரியாத்தா. இரண்டாம் கருத்துக் கேட்க எந்தத் துரைக்கும் நெஞ்சுரம் இல்லை. அதைவிட முக்கியம், அந்தக் கொத்து பக்கத்து வீட்டுக்காரனை நோக்கித் தொங்கியது. டிரசரின் சீட்டு செக்ரோலை நோக்கி எழுதப்பட்டது.

இதே நேரத்தில் மலேரியா என்ன செய்துகொண்டிருந்தது? 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ் கொசுவின் வயிற்றைக் கிழித்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். 1901இல் கிள்ளானுக்கு மால்கம் வாட்சன் என்ற இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் அதிகாரியிலிருந்து கூலிவரை வரிசையாகக் குளிரில் நடுங்க, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற அளவுக்குப் பேச்சு போயிற்று. வாட்சன் ஆட்களுக்கு மருந்து ஊற்றுவதைவிடச் சதுப்பை வடிப்பது மேல் என்று வாய்க்கால் வெட்டினார். காய்ச்சல் சரசரவென்று இறங்கியது. 

வெற்றி கண்ட துரைமார் மலைச்சரிவிலும் காட்டை வெட்டி ரப்பர் நட்டார்கள். அங்கே காரியம் தலைகீழாகிவிட்டது. சமவெளிச் சதுப்பில் நிழல் தேடும் கொசு. மலை ஓடையிலோ வெயில் பட்ட தெளிந்த தண்ணீரில் முட்டையிடும் மாகுலாட்டஸ் என்ற இன்னொரு ஜாதி. காடு மூடியிருந்தவரை அதற்கு வெயில் கிடைக்கவில்லை. துரை காட்டை வெட்டி, மினுமினுவென்று ஓடையைத் திறந்துவிட்டு, வா ராசாத்தி என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆயிற்று. அதற்கும் வாட்சனே மாற்று கண்டார். ஓடையை மண்ணுக்கடியில் குழாய்க்குள் ஓடவிட்டார், திறந்த தண்ணீரில் எண்ணெய் தெளிக்கவைத்தார். 1924இல் அவருக்கு சர் பட்டம் வந்தது. வாய்க்கால் வெட்டிய நம் ஆளுக்கு அன்றைய பேர் விழுந்தது.

குழாய் பதிப்பதா, புது ஆளைக் கப்பலில் இறக்குவதா, எது மலிவு என்று கணக்குப் போட்ட தோட்டங்களும் இருந்தன. செக்ரோல் கையில் இருந்தால் மனிதன் எவ்வளவு நேர்த்தியாகக் கணக்குப் போடுகிறான்!

1918 கடைசியில் உலகெங்கும் போன விஷக்காய்ச்சல் மலாயாத் தோட்டங்களையும் விடவில்லை. அதற்குக் கொயினாவும் எடுபடவில்லை, வாய்க்காலும் எடுபடவில்லை. துரை பங்களாவுக்கும் லயத்துக்கும் வித்தியாசம் பாராட்டாமல் வந்த நோய் அது. நாக்கின் கீழே குழாய் வைக்க வேண்டிய டிரசரும் படுத்துவிட்டால் பாசாங்கு யார், மெய் யார் என்று யார் சொல்வது?

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிச் சிரிப்பு எழுத எனக்குக் கை வரவில்லை. உலகத்துக் கொயினாவில் பெரும்பங்கு ஜாவாவில் விளைந்தது, 1942இல் ஜாவா அவர்கள் கையில். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாகத் தமிழர்களைச் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். 1943 மழையில் அங்கே காலரா. சொகமில்லை என்று சொன்னவனுக்கு அந்தப் பாதையில் பேதி உப்புக்கூடக் கிடைக்கவில்லை. போனவர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் திரும்பவில்லை. 

அதே ஆண்டுகளில் நம் ஈப்போவுக்குச் சில மைல் தள்ளி, பாப்பான் என்ற சின்ன ஊரில் சிபில் கார்த்திகேசு என்ற தாதி ஒரு சிகிச்சையகம் நடத்தினார். யாழ்ப்பாணத்து வம்சத்து டாக்டரை மணந்தவர், ஈப்போ புரூஸ்டர் சாலையில் இருவருக்கும் கிளினிக் இருந்தது. பாப்பானில் அவர் வீட்டுக்கு இரவில் வந்து போனவர்கள் காட்டிலிருந்து வந்த போராளிகள். மலேரியாவும் குண்டுக் காயமும். அந்த நோயாளிகளுக்குச் சீட்டு எழுத முடியாது, பேரும் எழுத முடியாது. எழுதாத அந்தப் பேர்களைத்தான் ஜப்பானிய ராணுவப் போலீஸ் 1943இல் அவரைப் பிடித்து வைத்துக் கேட்டது, அடித்துக் கேட்டது. அவர் சொல்லவில்லை. பிரிட்டிஷார் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். 1948இல் அந்தக் காயங்களோடேயே போய்ச் சேர்ந்தார். 

போர் முடிந்து சங்கம் வந்தது. 1954இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றாகி தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனது, பி. பி. நாராயணன் தலைமையில். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் 1957 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. இன்று அந்தச் சட்டத்தில் நோய்க்கு அளவு இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகாதவர் ஆண்டுக்கு 14 நாள் நோயாளியாக இருக்கலாம். இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்காரர் 18 நாள். அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். விசுவாசமானவனுக்குத்தான் நீளமான காய்ச்சல் என்பது சட்டத்தின் உள்ளக்கிடக்கை. 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தகவல் சொல்லாவிட்டால் சொல்லாமல் ஓடிப்போனவன் கணக்கு. வாந்திபேதிக்காரன் எங்கே ஓடுவான், எத்தனை தடவை ஓடுவான் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

கேலி பண்ணுகிறேனே தவிர, இந்தச் சட்டம் வந்ததன் அருமை எனக்குத் தெரியும். படுத்த நாளுக்குச் சம்பளம் உண்டு என்பது பேதி உப்பைக் குடித்த தலைமுறைக்குக் கனவிலும் வராத சேதி. எம்சி காகிதத்தை என் பாட்டி மாதிரி ஆட்கள் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்ததில் ஆச்சரியமே இல்லை.

1998இல் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் ஒரு மூளைக்காய்ச்சல் கிளம்பியது. பழைய பழக்கத்தில் எல்லாரும் கொசுவைக் கைகாட்டினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி, புகை அடித்தார்கள், ஊசி போட்டார்கள். நூறாண்டாகக் குற்றவாளிக் கூண்டில் நின்று பழகிய கொசு இந்த ஒரு தடவை நிரபராதி. 1999 மார்ச்சில் டாக்டர் சுவா காவ் பிங் அது புது வைரஸ் என்று கண்டறிந்தார். நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பேர் அதற்கு ஒட்டிக்கொண்டது. பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றிக்கு, பன்றி மனிதனுக்கு. மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். காடு இருந்த இடத்தில் காடு இருந்திருந்தால் வௌவால் பண்ணைப் பக்கம் வந்திருக்காது என்று சொல்கிறவர்கள் உண்டு. மாகுலாட்டஸ் கொசு கேட்டால் எனக்கு அப்பவே தெரியும் என்னும்.

இவ்வளவு எழுதிவிட்டு எங்கள் சிலிபின் லூர்து மாதா கோயிலைச் சொல்லாமல் விட்டால் அடுத்த ஞாயிறு யாராவது என்னைப் பிடித்துக்கொள்வார்கள். மாதா பிரான்சின் லூர்து நகரத்தில் காட்சி தந்தது 1858இல். நோய் தீர்ந்தது என்று கூட்டம் கூட்டமாகச் சொல்ல ஆரம்பித்ததும் 1883இல் கோயிலார் ஒரு மருத்துவ அலுவலகமே திறந்துவிட்டார்கள். குணமானேன் என்று சொல்கிறவர் டாக்டர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். நோய் உண்மையா, சட்டென்று போயிற்றா, முழுசாகப் போயிற்றா, திரும்ப வராமல் இருக்கிறதா என்று வருஷக்கணக்கில் குடைவார்கள். இத்தனை காலத்தில் அற்புதம் என்று திருச்சபை ஒப்புக்கொண்டவை சுமார் 70தான். உடம்பு நன்றாகிவிட்டது என்று சீட்டு வாங்க அங்கே அத்தனை வருஷம். உடம்பு சரியில்லை என்று சீட்டு வாங்க, அந்தக் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில், மூன்று நிமிஷம்.

கோவிட் பரவியதால் 2020 மார்ச் 18 முதல் கொஞ்ச காலம் நாடு முழுவதும் வேப்பிலை கட்டிய மாதிரி ஆயிற்று. அன்றைக்கு மொத்த நாட்டுக்கும் எம்சி. வீட்டிலேயே கிட என்ற உத்தரவு கைப்பேசியிலேயே வந்தது. வெளியாள் வரக்கூடாது, பந்தி கூடாது, கோயில் கூடாது. தாளிக்கக்கூடாது என்பதை மட்டும் அரசாங்கம் சேர்க்க மறந்துவிட்டது. சுகாதார அமைச்சு தினமும் சாயங்காலம் தொலைக்காட்சியில் சொன்னதில் பாதியைச் செத்துப்போன என் பாட்டி சொல்லியிருக்கிறாள், இலவசமாக, இன்னும் உரத்த குரலில்.

போன மழைக்காலத்தில் எனக்கு இன்புளுவென்சா. பேனல் கிளினிக் ஒன்றுக்குப் போனேன். பேர் வேண்டாம். எட்டு நாற்காலி போட வேண்டிய அறையில் இருபது. குளிர்சாதனம் முழுவேகத்தில். ஜன்னல் இருக்கிறது, திறக்கிற மாதிரி இல்லை. என் இடப்பக்கம் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு இருமுகிற லாரி டிரைவர். வலப்பக்கம் கைகால் வாய்ப்புண் வந்த பிள்ளையை மடியில் வைத்த இளம் தாய். அந்தப் பிள்ளை என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துச் சப்பிவிட்டுத் திருப்பிப் போட்டது. எதிரே ஓர் ஆன்ட்டி, ஒரு பொட்டலம் கச்சான் பூத்தேயைப் பிரித்து எல்லாருக்கும் நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. மருமகளுக்குத்தான் வாந்தி, எந்திரிக்க முடியல. அவ பேர சொல்லி எம்சி வாங்கியாரச் சொன்னா. ஆளு வரணுங்கிறாங்க. வந்தா இங்க உள்ளவங்களுக்கெல்லாம் ஒட்டிக்காதா?"

அந்த அறையிலேயே விஷயம் தெரிந்த ஆள் அவர்தான் என்று தோன்றியது. ஒன்றரை மணி நேரம் கழித்து என் பேர் வந்தது. டாக்டர் நாக்கைப் பார்க்கவில்லை. கணினியைப் பார்த்தபடியே கேட்டார்.

"எத்தனை நாள் வேணும்?"

"ரெண்டு நாள் குடுங்க டாக்டர்."

வெளியே வந்தபோது டிரைவரும் பிள்ளையும் மாறி மாறித் தும்மிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் நான் வேலைக்குப் போனேன். அதே வாரம் வியாழக்கிழமை வயிறு கலங்கி, கையில் சின்னச் சின்னப் புண். மறுபடி அந்த கிளினிக்குக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஆன்ட்டி அங்கே இருந்தார், இந்தத் தடவை அவருக்கே எம்சி வாங்க.